மைக்கைப் பிடுங்காதீர்கள், ஐயா

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பேச்சுப் போட்டி நடத்தும் பெருமக்களுக்கும்,

வணக்கம். போட்டிக்குப் பிள்ளைகள் எப்படித் தயாராகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், வீட்டில் அம்மா ஒப்பிக்க வைப்பார், மேடையில் பிள்ளை கையை ஆட்டி முழங்கும். காந்தி பிறந்தநாள் போட்டியில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அப்படித்தான் ஏறினாள். 'நடுநிலை தவறாத நடுவர் அவர்களே' கணீரென்று வந்தது. இரண்டாம் பத்தியில் ஒரு சொல் மறந்தது. மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் அறுந்த பாசிமாலைதான், மொத்தமும் கொட்டிவிடும். துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் சிரிப்பு. ஆசிரியை ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுத்த வரி மைக்கிலேயே கேட்டது. பிறகு மைக்கை வாங்கிக்கொண்டு, "சரி, போய் உட்காரு. அடுத்து யாரு?" என்றார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது வகுப்பில் பாடம் வாசிக்கும் முறை வருகிற அன்றெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி.

நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளைச் சொந்தச் சொல்லில் பேச விடுங்கள். திணறினால் கொஞ்சம் நிற்க விடுங்கள்.

யாருடைய பிறந்தநாளுக்கு இந்தப் போட்டி? லண்டனில் சைவ உணவாளர் கூட்டத்தில், எழுதிக்கொண்டு போனதையே வாசிக்க முடியாமல் வேறொருவரை வாசிக்க வைத்தவர். பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்விகூட வராமல் உட்கார்ந்து, 30 ரூபாய் ஃபீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னவர். நம் போட்டிக்கு வந்திருந்தால் ஆறுதல் பரிசும் கிடைத்திருக்காது. அவருடைய முதல் மேடைப்பேச்சு 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இந்திய வணிகர்கள் கூடிய ஒரு வீட்டில் நடந்தது. வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினார். சொல்ல அவருக்கென்று ஒரு விஷயம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

பெரிய பெரிய தலைவர்கள் துண்டுச்சீட்டைப் பார்த்துப் பேசினால் கைதட்டுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் சீட்டு இருந்தால் மதிப்பெண் போய்விடும்! பரீட்சையிலும் நோட்ஸில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால்தான் மார்க். அப்புறம் இன்டர்வியூவில் வாய் திறக்கவில்லை என்று நாமே அங்கலாய்க்கிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மேடைக்கு முன்னால் வகுப்பறையிலேயே, வாரம் ஒருமுறை, தெருவில் பார்த்ததையோ தாத்தா சொன்னதையோ இரண்டு நிமிடம் பேச வையுங்கள். பேசிப் பேசித்தான் கூச்சம் தெளியும். போட்டியில் குறிப்புச் சீட்டை அனுமதியுங்கள். பிள்ளை நின்றுவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள். மைக் அதன் கையிலேயே இருக்கட்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்