எங்கள் நகர் மகளிர் சங்கம், கோவை: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அம்மா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் பூங்காவில் கொடியேற்றினோம். ஆயுத பூஜை, மார்கழிக் கோலப் போட்டி, கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கோலப் போட்டிக்கான பரிசுப் பாத்திரங்களை இரண்டாம் தெரு உறுப்பினர் ஒருவர் தந்து உதவினார். அவருக்கு நன்றி.

அடுத்து தையல் கூடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "சங்கத்துப் பணத்தை நாய்க்குச் செலவு பண்றாங்க" என்று ஒரு பேச்சு நகரில் ஓடுவது என் காதுக்கும் வந்தது. அதைச் சொன்னவர்கள் யாரும் சனிக்கிழமை மதியம் கூடத்துப் பக்கம் வந்து பார்க்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் தெருவில் எல்லோருக்கும் பழக்கமான தெருநாய் செம்பி, இரவில் மெயின் ரோட்டைக் கடக்கும்போது பைக்கில் அடிபட்டது நினைவிருக்கும். ஓட்டி வந்த பையனுக்கும் கை முறிந்தது. தெருவிளக்கு இல்லாத இடத்தில் செவலை நாய் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் அவன் சொன்னான். அதற்குப் பிறகுதான் நாய்களுக்கு ஒளிரும் கழுத்துப் பட்டை தைக்கலாம் என்று செயற்குழுவில் நான் எடுத்துச் சொன்னேன், தீர்மானமும் ஆனது. துணி முழுக்க வீடுகளிலிருந்து வந்த பழைய ஜீன்ஸ் பேன்ட். ஒளிரும் டேப், வெல்க்ரோ என்ற ஒட்டுப் பட்டி, நூல், ஊசி ஆகிய நான்குக்கு மட்டுமே சங்கப் பணம் போனது. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

பட்டை தைப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு விஷயம். ஜீன்ஸ் துணி இரண்டு மடிப்புக்கு மேல் போனால் சாதாரண 14-ஆம் நம்பர் ஊசி உடைந்துவிடும். 16 அல்லது 18 போட்டு, தையலை நீளமாக வைத்து, மெதுவாக மிதிக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் டேப் ஓட்டை ஓட்டையாகிக் கிழிந்துவிடும். கொக்கி வைக்காமல் வெல்க்ரோ வைத்ததற்கும் காரணம் உண்டு. வேலிக் கம்பியில் பட்டை மாட்டிக்கொண்டால் நாய் இழுத்ததும் அது கழன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து இறுகிவிடும். கட்டிய பிறகு பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். குட்டிகளுக்குக் கட்டுவதே இல்லை. அவை வளரும் வேகத்துக்குப் பட்டை வளராது.

நிறத்திலும் ஒரு கணக்கு வைத்தோம். கருத்தடை ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாய்க்குப் பச்சை, இன்னும் ஆகாததற்கு மஞ்சள். ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் சின்னதாக வெட்டி விடுவார்கள். ஆனால் அது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், பட்டை தூரத்திலிருந்தே தெரியும். மாநகராட்சி வண்டி வந்தபோது, எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று வந்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. தினமும் சோறு வைக்கும் நான்காம் தெரு அக்கா கூப்பிட்டதும் மஞ்சள் பட்டை நாய்கள் வலையே தேவைப்படாமல் வந்து நின்றன. கருப்பி மட்டும் வண்டியைப் பார்த்ததும் சந்துக்குள் ஓடிவிட்டாள். அவளுக்கு அடுத்த முறைதான்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி நம் வாட்ஸ்ஆப் குழுவில் நடந்த சண்டையையும் பதிவு செய்கிறேன். தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன ஆகஸ்ட் 11 உத்தரவு தில்லி சுற்றுவட்டாரத்துக்கானது. அதைப் பார்த்துவிட்டு "நம்ம நாய்களையும் பிடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்று பலர் எழுதினார்கள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஆபரேஷன், குடற்புழு நீக்கம், தடுப்பூசி முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றது. வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் அந்த உத்தரவில் விதிவிலக்கு. சோறு வைப்பது அதற்கென்று குறித்த இடத்தில்தான். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், சோறு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் பகுதியிலிருந்தும் வாசல், மாடிப்படிகளிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. இதைப் படித்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இடத்தைக் குறித்தோம். இதை நான் குழுவில் எழுதியபோது யாரும் பதில் போடவில்லை. சண்டைக்கு மட்டும் எல்லோரும் இருந்தார்கள்.

பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது ஏன் என்று இன்னும் கேட்கிறார்கள். ஒரு தெருவில் பழகிய, தடுப்பூசி போட்ட நாயை அப்புறப்படுத்தினால், அந்த இடத்துக்கும் சோற்றுக்கும் பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத நாய் வந்து சேரும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊசி போட்ட நாய்கள் தெருவில் நிலைத்திருந்தால்தான் நம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு.

முதல் தெருக் குழந்தை ஒன்றுக்கு நாய் நகம் பட்டு லேசாக ரத்தம் வந்தது. பச்சைப் பட்டை கட்டிய நாய்தானே என்று வீட்டில் விட்டுவிடப் பார்த்தார்கள். கூடாது என்று சொல்லி, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வைத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். 0, 3, 7, 28 என்ற நாட்கணக்கில் ஊசி முழுவதும் போடப்பட்டது. இலவசம்தான். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். நாய் எந்த நிறப் பட்டை கட்டியிருந்தாலும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

மழைக்காலத்துக்குப் படுக்கைகளும் தைத்தோம். 26 கிலோ அரிசிச் சிப்பத்தின் பிளாஸ்டிக் சாக்கை அடியில் வைத்து, மேலே பழைய பருத்திச் சேலை, நடுவில் திருப்பூர் பனியன் வேஸ்ட். அடியில் சாக்கு இருப்பதால் தரையின் ஈரம் மேலே ஏறுவதில்லை. ஒரு பக்கத்தைத் தைக்காமல் நாடா வைத்துக் கட்டியதால், உள்ளே இருப்பதை எடுத்துக் கொட்டிவிட்டு உறையை மட்டும் துவைத்து வெயிலில் போடலாம். உண்ணி தங்காது. வீட்டில் நாய் வளர்க்கும் உறுப்பினர்கள் கேட்டதன் பேரில், ஆபரேஷன் ஆன நாய் தையலை நக்காமல் இருக்க நாலு கால் வைத்த பனியன் சட்டையும் தைத்துக் கொடுத்தோம். பனியன் துணிக்குச் சாதாரண ஊசி போட்டால் தையல் விட்டு விட்டு விழும். அதற்கென்று முனை மழுங்கிய ஊசி உண்டு, அதைத்தான் போட வேண்டும்.

இந்த வேலை எல்லாம் கூடத்துக்கு ஒழுங்காக வந்த நாலைந்து பேர் செய்தது. போன பொதுக்குழுவில் தையலுக்குக் கை தூக்கியவர்கள் எத்தனை பேர் என்பது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவைகூட வரவில்லை. "எனக்கு மெஷின் மிதிக்கத் தெரியாதுங்க அக்கா" என்றார்கள். மிதிக்கத் தெரியாதவர்களுக்குக் கத்தரிக்கும் வேலை இருக்கிறது, நாடா கோக்கும் வேலை இருக்கிறது, வந்த சேலைகளில் நைந்ததைப் பிரிக்கும் வேலை இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய நம் மூத்த உறுப்பினர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாரம் தவறாமல் வந்து மெஷின் பாபினில் நூல் சுற்றிக் கொடுத்தார். அவருக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இனிப்புப் போட்டிக்கு மட்டும் வருகைக் குறைவு என்று சொல்ல முடியாது. கடையில் எதுவும் வாங்கக் கூடாது, அன்று வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்பது விதி. காய்ந்த ரொட்டியில் அல்வா, மிச்சமான சப்பாத்தியைப் பொடித்து வெல்லம் சேர்த்த லட்டு, இறுகிப்போன மைசூர்பாகை உதிர்த்துப் பாலில் கொதிக்கவிட்ட பாயசம் என்று மேசை நிறைந்தது. முதல் பரிசு தர்பூசணி அல்வாவுக்கு. சிவப்புச் சதையைப் பிள்ளைகள் தின்றுவிட, தூக்கிப் போடும் வெள்ளைப் பகுதியைத் துருவி, நெய்யில் வதக்கி, சர்க்கரை சேர்த்துக் கிளறியது. பூசணிக்காய் அல்வாவா என்று கேட்டவர்களே அதிகம். இந்தப் பரிசைப் பெற்றவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவர் தையலுக்கும் வருகிறார்.

சுதந்திர தினத்தன்று பால் பாயசத்துக்கு வாங்கிய பால் காய்ச்சும்போதே திரிந்துபோனது. கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் தலைவர் அம்மா கலங்காமல், பால் புளித்த வாடை அடிக்கிறதா என்று முதலில் முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை. உடனே அதை அகலமான உருளிக்கு மாற்றி, தண்ணீர் சுண்டும் வரை கிளறச் சொன்னார். அப்புறம் சர்க்கரை, ஏலக்காய், இறுதியில் கொஞ்சம் நெய். மணல் மணலாகத் திரண்டு வந்ததை இலைத் துண்டுகளில் வைத்துக் கொடுத்தோம், ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது. பாயசத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

ஆனால் விருந்து முடிந்ததும் மிச்சத்தை நாய்களுக்குக் கொட்டும் பழக்கத்தை நாம் விட வேண்டும். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பச்சைத் திராட்சையும் அப்படித்தான். சாக்லேட் ஆகாது, வெங்காயம் ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் சில மிட்டாய்களிலும் பிஸ்கட்டுகளிலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். மிச்சம் இருந்தால் வெறும் சோறும் தயிரும் போதும். இந்த வருடம் அறிவிப்புப் பலகையில் இதை எழுதி வைத்தேன். மறுநாளே பலகையின் மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர்கள் தயவுசெய்து எடுத்துவிடவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கியிருக்கிறது, கையிருப்பு போன வருடத்தைவிடச் சற்றுக் குறைவு. கூடத்து வாடகையும் மின்கட்டணமும் கூடியது ஒரு காரணம். இன்னொரு காரணம் சந்தா. மாதம் 50 ரூபாய். வருடம் முழுவதும் கட்டாதவர்கள் இருக்கிறார்கள், இரண்டு வருடமாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் அம்மா கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அவர்களில் சிலர் இனிப்புப் போட்டியில் நடுவர்களாக இருந்தவர்கள் என்பதை மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். நாம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம். சந்தா ஒழுங்காக வந்தால்தான் கணக்கும் ஒழுங்காக இருக்கும்.

துணி கொடுத்த வீடுகளுக்கும், பனியன் வேஸ்ட் மூட்டைகளைத் தன் வண்டியில் ஏற்றி வந்த ஆறாம் தெரு அண்ணனுக்கும், மாநகராட்சிப் பணியாளர்களுக்கும், குறைந்த கட்டணத்தில் நாய்களைப் பார்த்துக் கொடுத்த கால்நடை மருத்துவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. கூடத்தில் இருக்கும் இரண்டு மெஷின்களில் ஒன்றுக்கு மோட்டார் மாற்ற வேண்டும். கருப்பியையும் அவளோடு திரியும் இரண்டு மஞ்சள் பட்டைகளையும் அவை குட்டி போடுவதற்கு முன்பே ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். நாய் சினையானால் இரண்டு மாதத்தில் குட்டி, காத்திருக்க நேரம் கிடையாது. ஐப்பசி மழைக்குள் படுக்கைகளைப் புதுப்பிக்க வேண்டும். இதே நாலைந்து பேர் இன்னொரு வருடம் இழுப்பது கஷ்டம். அவர்களுக்கும் வீட்டு வேலை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சாவி, தீர்மானப் புத்தகம், டேப் வாங்கும் கடையின் விலாசம் எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் கூடத்தில் இன்னும் சிலராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கிறேன்.

கூடம் சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் திறக்கும். கத்தரிக்கோல் வைத்திருப்பவர்கள் கொண்டு வரவும், கூடத்தில் இருப்பவை போதவில்லை. பருத்திச் சேலைகளை ஆடி மாதத்துக்குள் கொடுத்துவிடவும்; பாலியெஸ்டர் வேண்டாம். சந்தா பாக்கி உள்ளவர்களுக்காகப் பொருளாளர் இன்று கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்