யார்க்‌ஷயரில் ஓர் இட்டேரி

அன்பும் மதிப்பும் மிக்க பெரியப்பாவுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் நீங்களும் பெரியம்மாவும் இங்கிலாந்தில் நான் இருக்கும் லீட்ஸ் நகருக்கு வந்து சேர்ந்ததும், யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில் உள்ள மால்ஹம் என்ற கிராமத்தில் ஒரு வாரம் வீடெடுத்துத் தங்கி நடக்கப்போகிறோம் என்று சொன்னபோது, தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். "நடக்கிறதுக்குப் பணம் கட்டி ஓர் ஊருக்குப் போவார்களா?" என்பது முதலாவது. அதை அப்பாவும் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டேன். "அடுத்தவன் காட்டுக்குள்ளே நடந்தால் காட்டுக்காரன் சும்மா விடுவானா?" என்பது இரண்டாவது. பணிக்காலம் முழுவதும் நில அளவைத் துறையில் சங்கிலியும் புலப்படமுமாக அலைந்தவர் கேட்ட கேள்வி அது என்பதால், அதற்கு மட்டும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இங்கு வரும் நம்மவர்கள் பலருக்கும் இதே தயக்கம் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

காட்டுக்காரர், அதாவது நிலத்தின் சொந்தக்காரர், விட்டுத்தான் ஆக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் நிலத்தின் ஊடாகச் செல்பவை. நம் ஊர் வண்டிப்பாதையைப் போல இவற்றைப் புறம்போக்கு என்று தனியே பிரித்து வைக்கவில்லை. மண் அவருடையது, அதன்மேல் கடந்துபோகும் உரிமை நம்முடையது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தப் படத்தில் ஒரு வழி ஏறிவிட்டால், அதுவே அந்த வழிக்கு முடிவான சான்று. வயலுக்கு நடுவே போகும் நடைவழியை விதைப்புக்காக உழ நேர்ந்தால், 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைத் திரும்ப அமைத்துத் தருவது விவசாயியின் கடமை. பொதுமக்கள் ஒரு வழியில் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் 20 ஆண்டுகள் நடந்துவந்தால், அதைப் பொதுவழியாகக் கருதவும் இங்கே சட்டத்தில் இடமுண்டு. இந்த 20 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு, அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் நினைவுக்கு வரும். கிணற்றுக்காட்டு வழக்கில் நீங்கள் கோபி நீதிமன்றத்துக்கு எத்தனை முறை நடந்தீர்கள் என்பதும் நினைவுக்கு வரக்கூடும்.

இந்த உரிமைகள் எல்லாம் நிலப்பிரபுக்கள் மனமுவந்து கொடுத்தவை அல்ல. மேட்டுநிலங்களை வேட்டைப் பறவைகளுக்காக அடைத்து வைத்திருந்த காலத்தில், 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் என்ற மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறை சென்றார்கள். வரையறுக்கப்பட்ட மலை, மேட்டுநிலம், தரிசு ஆகியவற்றில் வழியை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை சட்டமானது 2000ஆம் ஆண்டில்தான்.

நீங்கள் வந்ததும் முதல் வேலையாக பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்டுள்ள இப்பகுதியின் வரைபடத்தை உங்கள் கையில் தரப்போகிறேன். நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில், ஒவ்வொரு வயலின் சுவரும் மெல்லிய கருங்கோடாக அதில் இருக்கும். சிறு சிறு கீற்றுகளாக விட்டுவிட்டு ஓடும் பச்சைக்கோடு நடைவழி, கீற்றுகள் சற்றே நீண்டிருந்தால் குதிரையும் போகக்கூடிய வழி, இளமஞ்சள் பூசிய பரப்பு விருப்பம்போல் திரியக்கூடிய நிலம். பெரியம்மா சமையலறையை ஆராய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் இதை மேசையில் விரித்துக்கொள்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1802இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், இதே யார்க்‌ஷயரில், நார்தலர்ட்டன் ஊரின் பக்கத்தில் பிறந்தவர். அவர் நம் மண்ணை அளக்க வந்தார். நீங்கள் அவர் மண்ணில் நடக்க வருகிறீர்கள்.

கிராமத்தை விட்டு வெளியேறியதுமே இரண்டு பக்கமும் கற்சுவர் ஓடும் குறுகிய வழிகள் தென்படும். பார்த்த மாத்திரத்தில் இட்டேரி என்றுதான் சொல்வீர்கள். கிளுவை வேலி இருக்க வேண்டிய இடத்தில் சாந்தே வைக்காமல் அடுக்கிய சுண்ணாம்புக் கல் இருக்கும், அவ்வளவே. சுவரைக் கடக்க ஓர் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும் இடுக்கோ ஏணிப்படியோ வைத்திருப்பார்கள். படல்கதவு திறந்து கிடந்தால் அப்படியே விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டு வர வேண்டும். ஆட்டுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் என்பது அதன் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். ஜூன் மாதத்தில் வைக்கோல் புல்வயல்கள் பூத்து நிற்கும். அது அவர்களுடைய குளிர்காலத் தீவனம் என்பதால் ஒருவர் பின் ஒருவராக நடப்போம். வரப்பில் நடந்து பழகிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்றோடு நிற்கும் மாட்டை மட்டும் நன்றாக விலகிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நம் ஊர் மாட்டைப் போல இது கட்டுத்தறி கண்டதல்ல.

முதல் நாள் மால்ஹம் கோவ். ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்துக்கு வளைந்து நிற்கும் சுண்ணாம்புக் கல் பாறைச்சுவர் அது. பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் அருவியாக விழுந்த இடம். இன்று மேலே வெறும் வறண்ட பள்ளத்தாக்கு, அடியில் மட்டும் ஓர் ஓடை சத்தமில்லாமல் வெளிவருகிறது. மேலே மால்ஹம் டார்ன் ஏரியிலிருந்து வரும் ஓடை கொஞ்ச தூரத்தில் பூமிக்குள் புகுந்து மறைவதைப் பார்ப்பவர்கள், அதுதான் பாறையடியில் வெளிப்படுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சாயம் கலந்து சோதித்ததில், ஏரி நீர் கிராமத்துக்கும் தெற்கே ஊற்றாக எழுவதும், பாறையடி ஓடைக்கு மூலம் வேறோர் இடம் என்பதும் தெரிந்தன. 2015 டிசம்பரில் பெரும்புயல் மழைக்குப் பிறகு ஒரே ஒரு நாள் பாறையின் உச்சியிலிருந்தே அருவி கொட்டியது. நான் அப்போது இந்த நாட்டிலேயே இல்லை என்பது என் தீராத குறை. பாறையின் ஓரமாக ஏறத்தாழ 400 படிகள் உள்ளன. உங்கள் முழங்காலைக் கேட்டுக்கொண்டு ஏறலாம். உச்சியில் வெடித்துப் பிளந்த கற்றளம் இருக்கிறது. மழை நனைத்திருந்தால் அதில் கால் வைக்க வேண்டாம்.

மலைநடைக்கு நேரம் கணக்கிட 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வாய்பாடு சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி ஏரிவரை போய்த் திரும்ப மூன்று மணி நேரம் வரும். பெரியம்மா ஒவ்வோர் ஆட்டுக்குட்டியையும் நின்று விசாரிப்பார் என்பதால் நான் ஆறு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

விடுதி வேண்டாம், வீடுதான் என்று பிடிவாதமாக இருந்ததற்குக் காரணமும் இந்த நேரக்கணக்குதான். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைய ஒன்பதரை மணிக்கு மேல் ஆகும். கிராமத்து உணவகங்களில் அடுப்பு அணையும் நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடப்பது நடையே அல்ல. நம் கையில் அடுப்பு இருந்தால் எட்டு மணிக்கு வந்து சோறு வைத்துக்கொள்ளலாம். அரிசி, பருப்பு, புளி எல்லாம் லீட்ஸிலேயே வாங்கிவிடுவேன்; பால், காய்கறியை ஸ்கிப்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் வாங்கலாம். நடைக்குப் புளிச்சோறு. பெரியம்மா தன் அலுமினியக் குக்கரைக் கொண்டுவர வேண்டாம். அந்த வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. தாளிக்கும்போது சன்னலைத் திறந்தாக வேண்டும். சென்ற ஆண்டு வேறொரு வீட்டில் ரசத்துக்கு மிளகாய் தாளித்தபோது புகைமணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். அவருக்கு ரசம் என்றால் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் பருப்பு அடிபிடித்துவிட்டது.

துணிமணி விஷயத்தில் ஒன்றே ஒன்று: பருத்தி நனைந்தால் குளிரும், காயாது. மழைச்சட்டை நான் வாங்கி வைக்கிறேன். கணுக்காலை மூடும் காலணியை மட்டும் அங்கேயே வாங்கி, இப்போதிருந்தே தினமும் காலையில் வாய்க்கால் மேட்டில் போட்டு நடந்து பழகிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் வீட்டுக்குள் போகலாம். சாவி வாசலருகே எண்பூட்டுப் பெட்டியில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் இங்கே எழுத முடியாது, தொலைபேசியில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்