கருத்தரிப்புச் சிகிச்சையின் வெற்றி வீதத்தை மறைத்துக் கூறியமை பற்றிய முறைப்பாடு

ஹட்டன்,
2025.01.20.

முகாமையாளர்,
கருத்தரிப்புச் சிகிச்சை நிலையம்,
கொழும்பு.

ஐயா/அம்மணி,

உங்கள் நிலையத்தில் 2024ஆம் ஆண்டு ஐ.வி.எப். (முட்டையை உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்து கருப்பையில் வைக்கும்) சிகிச்சை பெற்ற நான், ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கணவருடனும் அம்மாவுடனும் வசிப்பவள். பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 1978இல் இங்கிலாந்தில் இம்முறையின் முதற்குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறப்பதற்கு முன்னர், அதை உருவாக்கிய எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் பல ஆண்டுகள் தோல்வியையே கண்டார்கள் என்பதை அறிந்தவள் என்பதால், சிகிச்சை பலிக்கவில்லை என்று உங்கள்மேல் குறை சொல்ல வரவில்லை. எங்களைச் சம்மதிக்க வைத்த ஓர் எண்ணைப் பற்றியே எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் ஹட்டன் நகரில் நீங்கள் நடத்திய இலவச ஆலோசனை முகாமில், “வெற்றி வீதம் 65%” என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தைத் தந்தீர்கள். அப்போது எனக்கு வயது 40. மூன்று பேரில் இருவருக்குப் பிள்ளை கிடைக்கிறது என்றே நானும் கணவரும் அதை விளங்கிக்கொண்டோம். அங்கிருந்த உங்கள் ஊழியரும் அப்படித்தான் விளக்கினார். அந்த நம்பிக்கையில்தான், நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவின் கையில் வந்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை வாங்கி, 8,50,000 ரூபாயை உங்களிடம் கட்டினோம்.

ஜூன் மாதம் ஊசிகள் தொடங்கின. மழையும் காற்றும் மின்கம்பிகளை அறுத்த நாட்களில், குளிரில் வைக்கவேண்டிய அந்த ஊசி மருந்துகளை கடையிலிருந்து வாங்கிய ஐஸ்கட்டியோடு பிளாஸ்கில் வைத்துக் காப்பாற்றினோம். ஸ்கேன் பரிசோதனைக்கென்று இரவு பஸ்ஸில் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக வந்து, மறுநாள் மாலை திரும்பிய பயணங்கள் ஐந்து. ஒன்பது முட்டைகளில் ஐந்து கருக்கட்டின. ஐந்தாம் நாள்வரை முளையமாக வளர்ந்தவை இரண்டு. ஒன்றைக் கருப்பையில் வைத்தீர்கள், மற்றதை உறைநிலையில் வைத்தீர்கள். இரத்தப் பரிசோதனையில், கருத்தரிப்பைக் காட்டும் எச்.சி.ஜி. ஹோர்மோனின் அளவு 86 என்று வந்தபோது அம்மா கோயிலுக்குப் போனார். இரண்டு நாளில் கூடியிருக்கவேண்டிய அந்த அளவு 41 ஆகக் குறைந்தது. ஸ்கேனில் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

கடந்த நவம்பரில் உங்கள் இணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, இரண்டாவது சுற்றுக்கு 10% கழிவு தருவதாகவும், எனக்கு “ஏற்கெனவே ஒருமுறை சரிவந்திருப்பதால்” வாய்ப்பு அதிகம் என்றும் கூறினார். என்ன சரிவந்தது என்று கேட்டேன். இரத்தப் பரிசோதனை பொசிட்டிவாக வந்தாலே அதை வெற்றியாகப் பதிவதாகவும், 65% என்பது 35 வயதுக்குக் குறைந்த பெண்களுடைய கணக்கு என்றும் அவர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் நான் அழுத அந்த நாள்கூட உங்கள் ஏட்டில் ஒரு வெற்றி; அது அடுத்த துண்டுப்பிரசுரத்தில் இன்னொரு பெண்ணுக்குக் காட்டப்படப்போகிறது. இதை எண்ணித்தான் இத்தனை வாரம் தூக்கமின்றி இருந்துவிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கருத்தரித்தவர் எத்தனை பேர் என்பதும் உயிருடன் பிள்ளை பெற்றவர் எத்தனை பேர் என்பதும் வெவ்வேறு கணக்குகள். பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த, கருத்தரிப்புச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, வயது வாரியாக உயிருள்ள பிறப்புகளை வெளியிடுகிறது: சொந்த முட்டையைக் கொண்டு வைக்கப்படும் ஒவ்வொரு முளையத்துக்கும் 35 வயதுக்குக் கீழ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 40 முதல் 42 வயதில் பத்தில் ஒரு பங்கு அளவே. பத்தில் ஒன்று என்று சொல்லியிருந்தாலும் நாங்கள் வந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் பணம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டியிருக்கமாட்டோம்.

கருப்பை உட்சுவரில் கீறல் செய்தால் முளையம் நன்றாக ஒட்டும் என்று கூறி 35,000 ரூபாய் தனியாக அறவிட்டதும் இதே வகையைச் சேர்ந்தது. 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியான, 1,364 பெண்கள் பங்குபற்றிய ஆய்வில், கீறல் செய்தவர்களிலும் செய்யாதவர்களிலும் பிள்ளை பெற்றோர் 26.1% ஆகவே இருந்தனர். வலியையும் செலவையும் தாங்கும் முன் இதை அறிய எனக்கு உரிமை இருந்தது. சம்மதப் படிவம் பதினொரு பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தது. என் கணவர், தான் கையொப்பமிட்டது என்னவென்று பஸ்ஸில் வரும்போது என்னிடம் கேட்டார்.

ஆகவே 2024இல் உங்களிடம் சிகிச்சை தொடங்கிய, 40 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் உயிருடன் பிள்ளை பெற்றவர் எத்தனை பேர் என்பதை எழுத்தில் தருவதோடு, என் பெயரிலான பதிவை வெற்றிக் கணக்கிலிருந்து நீக்கி, கீறலுக்குப் பெற்ற 35,000 ரூபாயைத் திருப்பித் தருமாறும் கேட்கிறேன். திரவ நைதரசனில் உள்ள எங்கள் முளையத்தின் தரம், பாதுகாப்புக் கட்டணம், எங்கள் அனுமதியின்றி அதை அகற்றமாட்டீர்கள் என்ற உறுதி ஆகியன தமிழில் வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் வைத்திய நிறுவனங்களைக் கண்காணிக்கும் சபையிடம் இம்முறைப்பாட்டைக் கையளிப்பேன்.

பதிலைத் தோட்ட முகவரிக்கு அனுப்பவேண்டாம். எங்கள் தபால் தோட்டக் காரியாலயம் வழியாகப் பல கைகள் மாறி வருகிறது. கோப்பில் உள்ள பாடசாலை முகவரிக்கு, உறையின்மேல் உங்கள் நிறுவனத்தின் பெயர் இல்லாமல், பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)