சேலத்துக் கரடுகளில் சைக்கிள் தடம்: தானாக உருவாக விடாமல் திட்டமிட்டு வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை என்று எத்திசையிலும் மலை தெரியும் ஊர் சேலம். விடிந்தும் விடியாத நேரத்தில் இம்மலைகளின் அடிவாரக் கரடுகளில் மலைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே எழுகின்றன. நம் பிள்ளைகள் கைப்பேசியை விட்டு மலைக்கு வருவது மகிழ்ச்சி. அவர்களுக்கென்று முறையாக வெட்டிய தடம் எதுவும் இல்லாததால் ஆடு மேய்ப்பவர்கள் நடக்கும் வழி, மழைநீர் இறங்கும் வாரி என்று அகப்பட்டதில் எல்லாம் இறங்குவது கவலை.

இதை அடியோடு தடுத்துவிட வேண்டும் என்பவர்களும் உண்டு. மலை எல்லோருக்கும் பொது, யாரும் எதையும் கேட்கக் கூடாது என்பவர்களும் உண்டு. இரண்டுமே மலைக்கு நன்மை செய்யாது என்பது என் கருத்து. தடுத்தால் ஆள் பார்க்காத நேரத்தில் ஆள் பார்க்காத சரிவில் ஓட்டுவார்கள். விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஒரு புதுத் தடம் முளைக்கும். சேலத்துக்கு வேண்டியது ஒரே ஒரு தடம்தான். ஆனால் அது மண்ணும் தண்ணீரும் அறிந்தவர்கள் அளந்து வெட்டிய தடமாக இருக்க வேண்டும்.

ஒரு கரட்டின் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நேர்க்கோட்டில் இறங்கும் வழியே ஓட்டுபவருக்கு விறுவிறுப்பானது. மலைக்கோ அதுவே மிகவும் கெடுதலானது. பிரேக் பிடித்து வழுக்கும் சக்கரம் மேல்மண்ணைச் சுரண்டி விரல் ஆழத்துக்கு ஒரு கோடு போடுகிறது. அடுத்த கோடை மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி அதை முழ ஆழப் பள்ளமாக்குகிறது. பள்ளமான வழியில் ஓட்ட முடியாமல் அடுத்து வருபவர்கள் பக்கத்தில் புதுக்கோடு போடுகிறார்கள். இப்படியே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, புல்லும் புதரும் போய் வெறும் சரளைக்கல் மிஞ்சிய சரிவுகளை நம் ஊர்க் கரடுகளில் இப்போதே காணலாம். அங்கிருந்து அடித்துவரப்படும் மண் கீழே உள்ள ஓடையையும் ஏரி வாய்க்காலையும் தூர்க்கிறது என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு எப்போதோ கண்டறியப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டக் குன்றுகளில் 1970களில் உருவான இந்த விளையாட்டு, அங்கே நடைப்பயணிகளோடு மோதலில் முடிந்தது. பல தடங்கள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அந்தச் சிக்கலிலிருந்து வெளிவரத்தான் 1988இல் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் தொடங்கப்பட்டது. தடம் வெட்டுவதற்கு அவர்கள் பரப்பிய விதிகள் எளியவை. தடம் சரிவில் நேராக இறங்காமல் மலையின் இடுப்பைச் சுற்றிச் சாய்வாகச் செல்ல வேண்டும். அதன் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது சரிவு 30 சதவீதம் என்றால் தடம் 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். தடம் முழுவதற்குமான சராசரி 10 சதவீதம் போதும். தடத்தின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போகும் தடம் இடையிடையே சிறிது ஏறி மீண்டும் இறங்க வேண்டும். இவ்வளவும் செய்தால் மழைத்தண்ணீர் தடத்தோடு ஓடாமல் தடத்தைக் குறுக்கே கடந்து புல்லுக்குள் இறங்கிவிடும். வயலுக்கு வரப்புப் போடத் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு கையாலேயே வெட்டிவிடலாம். பொக்லைனைக் கரட்டில் ஏற்றவே வேண்டாம்.

சைக்கிள் சக்கரம்தான் மலையைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டும் முழு உண்மை அன்று. அமெரிக்காவின் மொன்டானாவில் ஆய்வாளர்கள் தடங்களை நனைத்துச் செய்த சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும் சக்கரங்களைவிடக் கூடுதலாக மண்ணைப் பெயர்த்ததாக அது சொல்கிறது. ஆகவே எதில் செல்கிறோம் என்பதைவிட, தடம் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, எந்த நேரத்தில் செல்கிறோம் என்பதே முக்கியம். மழை பெய்த மறுநாள் ஈரத்தடத்தில் ஓட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

அடுத்த கேள்வி, எங்கே என்பது. காப்புக்காட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, சேர்வராயன் சரிவுகளில் காட்டெருமைகள் இருக்கின்றன; ஓசையின்றி வேகமாக வளைவில் திரும்பும் சைக்கிளுக்கு முன்னால் ஒரு காட்டெருமை நின்றால் இரு உயிருக்கும் ஆபத்து. மலைவாழ் மக்கள் தலைமுறைகளாக நடந்து வரும் தடங்களையும் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைச்சுமையோடு இறங்கும் ஒரு மூதாட்டி சைக்கிள்காரருக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய நிலை வந்தால் அந்தத் தடமே தவறானது. எந்த இடத்தைத் தேர்ந்தாலும் முதலில் அந்த ஊரின் கிராம சபையில் வைத்துப் பேசி ஒப்புதல் பெற வேண்டும்.

சேர்வராயன் அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டியெடுத்த சுரங்கப் பகுதிகளில் கழிவுக்கல் கொட்டிக் குவித்த மேடுகள் இருக்கின்றன. குத்தகை முடிந்து, இனி வேலை நடக்காது என்று உறுதியான மேடுகளை மட்டும் கனிமவளத் துறை பட்டியலிட்டுத் தந்தால், ஆழமான குழிகளைக் கம்பிவேலியிட்டு ஒதுக்கிவிட்டு, அங்கே தடம் அமைக்க முடியுமா என்று பார்க்கலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குயூனா என்ற இடத்தில் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்க நிலத்தில் 2011இல் இதைத்தான் செய்தார்கள். இரும்புத்தாதின் செந்நிறம் படிந்த அந்தத் தடங்களைத் தேடி இன்று வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு மரத்தையும் வெட்டாமல், ஒரு விலங்கையும் விரட்டாமல் அமையக்கூடிய தடம் இது என்பதால் இந்த யோசனையை மாவட்ட நிர்வாகம் பொருட்படுத்த வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்கிறேன்.

தடம் இல்லாததால் இப்போது பலர் ஏற்காடு சாலையில்தான் ஏறி இறங்குகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் விடுமுறை நாட்களில் சுற்றுலா வாகனங்களுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் இறங்குவதைக் கண்டால் நெஞ்சு பதறுகிறது.

மலைக்கு ஆட்களை அனுப்புவதில் அரசுக்கு உள்ள தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை யாரும் மறக்க முடியாது. ஆனால் அந்தத் துயரத்துக்குப் பிறகும் அரசு மலையேற்றத்தை ஒரேயடியாக மூடிவிடவில்லை. விதிகள் வகுத்து, 2024இல் 40 வழித்தடங்களை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. தீ அபாயமுள்ள மாதங்களில் மூடி வைப்பது, அன்றன்றைக்கு எண்ணிக்கையை வரையறுப்பது, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை தருவது ஆகிய அந்த ஏற்பாடுகள் எல்லாம் சைக்கிள் தடத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அண்டை மாநிலத்தையும் பார்க்கலாம். திருவனந்தபுரத்துக்கு அருகில் உள்ள பொன்முடி மலையில் 2023 அக்டோபரில் 28ஆவது ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள விளையாட்டு இது. நம் பிள்ளைகள் அந்த உயரத்தை எட்டுவார்களா என்பது பிறகு. முதலில் அவர்கள் பயமின்றிப் பழக ஓர் இடம் இருக்கட்டும். ஆறேழு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுத்தடமே தொடக்கத்துக்குத் தாராளம். அதன் வாயிலில் மோட்டார் சைக்கிள் நுழைய முடியாதபடி குறுகலான தடுப்பு வைக்க மறந்துவிடக் கூடாது; இல்லாவிட்டால் நாம் வெட்டிய தடத்தை மோட்டார் சைக்கிள்கள் ஒரே மழைக்காலத்தில் சேறாக்கிவிடும்.

மாவட்ட ஆட்சியர், வனத்துறை, கனிமவளத் துறை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆகியோரும் அடிவார ஊராட்சித் தலைவர்களும் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களும் ஒரே மேசையில் அமர ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யுமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இடம் முடிவாக நாளாகலாம். அதுவரை காத்திராமல், ஏற்கெனவே அரித்துப் பள்ளமான வழிகளின் குறுக்கே கல்வரிசை அடுக்கி, முள் போட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மூடிவிட வேண்டும். அந்த வேலைக்கு, அந்த வழிகளில் ஓட்டிய இளைஞர்களையே அழைக்கலாம். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.