பல் பிடுங்குவது போல யாரும் வந்ததில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கருக்கலைப்பு பல் பிடுங்குவதைப் போல சாதாரணமாகிவிட்டது என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். மகப்பேறு வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அப்படி வந்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

கருவில் இருப்பதும் உயிர்தான் என்று இன்றும் நம்புகிறேன். அதனால் கலைப்பு நடக்கும்போது ஆபரேஷன் தியேட்டரில் நிற்க மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லி விலகிக்கொண்டேன். ஆனால் அப்புறம் வார்டுக்கு வருகிறவளின் நாடியையும் உதிரப்போக்கையும் பார்ப்பது என் வேலை. அதைத் தட்டிக்கழித்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் பச்சைக்குழந்தை அழுதால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். நைட் டியூட்டியில் ஒருத்தி, "அதுக்கு வலிச்சிருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டாள். பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கியவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

2012இல் அயர்லாந்தில் வாழ்ந்த இந்தியப் பெண் சவிதா ஹலப்பனவர் இறந்த செய்தி என்னை உலுக்கியது. 17 வார கர்ப்பம், கரு பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டும், கருவின் இதயத்துடிப்பு நிற்கவில்லை என்று மறுத்தார்கள். நச்சுக்கிருமி ரத்தத்தில் கலந்து அவர் போய்விட்டார். 2018இல் அந்த நாட்டு மக்கள் வாக்களித்து, கலைப்பைத் தடுத்த சட்டத்தை மாற்றினார்கள். உயிர் என்று நம்புகிற நான், அந்த உயிரைச் சுமந்தவளை ஒரு கணம் மறந்திருந்தேனோ என்று அன்று தோன்றியது. தடை போட்டால் கலைப்பு நின்றுவிடுவதில்லை, மறைவிடத்துக்குப் போய்விடுகிறது. உலகில் நடப்பவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் பாதுகாப்பற்றவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சாதாரணமாகிவிட்டது எது என்று கேட்டால் நான் வேறொன்றைச் சொல்வேன். டாக்டர் அவளைக் கேட்பார், கூட வந்தவர் பதில் சொல்வார். அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். ஒருமுறை கணவர் மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து ஒருத்தியிடம் கேட்டேன். "எனக்கு இந்தக் குழந்தை வேணும் சிஸ்டர்" என்றாள். டாக்டரிடம் ஓடினேன், அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. இன்னொருத்தியின் வீட்டார் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். "என் உடம்பு இனித் தாங்காது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பேச்சு எடுபடவே இல்லை.

கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் அவளிடம் தனியாகக் கேட்பதை எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாக்க வேண்டும். அவள் என்ன சொன்னாலும் அதையே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்