மணவாளக்குறிச்சி மணலும் ஒரு கேள்வியும்

அன்புள்ள செல்வி,

உன் தீபாவளிக் கடிதத்துக்குப் பொங்கல் கழிந்தும் பதில் போடவில்லை. திட்டிவிடு. இங்கே அனைவரும் நலம். அம்மா இன்னமும் உன் ரசத்தின் புகழ்தான் பாடுகிறாள்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பன்னிரண்டாம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. "அணுக்கருவிலிருந்து வரும் ஆல்பாவுக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வருகிறது, டீச்சர்?" கேட்டவள் மணவாளக்குறிச்சிப் பெண். ஆல்பா என்பது கனமான கரு சிதையும்போது உமிழும், இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த துகள். "விடை உன் ஊர்க் கடற்கரையிலேயே கிடக்கிறது" என்று அவளிடம் சொன்னேன்.

அங்குள்ள மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலுள்ள கதிரியக்கத் தோரியம்-232 விடும் ஆல்பா, வினாடிக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதே தோரியத்தின் வழித்தோன்றலான பொலோனியம்-212 விடுவதோ 20,500 கிலோமீட்டர். மணலை அடுப்பிலிட்டாலும் இந்த எண்கள் அசையாது. சிதையும் தாய்க்கருவின் நிறையிலிருந்து, விளையும் சேய்க்கருவின் நிறையையும் ஆல்பாவின் நிறையையும் கழித்துப் பார். மிஞ்சும் துளி நிறைதான் இயக்க ஆற்றலாக மாறுகிறது. பின்னுதைப்பில் சேய்க்கரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் ஆல்பாவுக்கு. வெளியே வந்ததும் அதைப் பிடித்துத் தள்ளுவது கருவின் நேர்மின்னூட்டம்.

என்னை உறங்கவிடாதது இதற்கு அடுத்தது. வேகத்தில் இரண்டுக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம்கூட இல்லை. அரை ஆயுளை, அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்தைப் பார்! தோரியத்துக்கு 1,400 கோடி ஆண்டு. பொலோனியம்-212க்கு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. வேகம் கூடினால் ஆயுள் குறையும் என்று கைகர், நட்டால் என்ற இயற்பியலாளர்கள் 1911இல் கண்டார்கள். காரணம் 1928இல் இயற்பியலாளர் காமோவ் எழுதியபோதுதான் தெளிந்தது: தன்னைக் கருவுக்குள் அடைத்து வைத்திருக்கும் ஆற்றல் தடையை ஆல்பா ஏறிக் கடக்கவில்லை, அணு உலகின் குவாண்டம் விதிப்படி ஊடுருவி வருகிறது. ஆற்றல் சற்றே கூடினாலும் ஊடுருவ வேண்டிய தடிமன் குறைந்து, வாய்ப்பு கோடி கோடி மடங்கு பெருகிவிடுகிறது. எவ்வளவு அழகு, செல்வி! வங்கியில் உட்கார்ந்து வட்டி போடும் உனக்கு இது உறைக்கிறதா?

அவள் விடவில்லை. பீட்டா சிதைவில் கருவிலிருந்து வரும் எலக்ட்ரானுக்கும் இப்படி ஒரே வேகம்தானா என்றாள். இல்லை, எலக்ட்ரான் தன் ஆற்றலை இன்னொரு துகளோடு பங்கிடுகிறது, பங்கு ஒவ்வொரு முறையும் மாறும் என்றேன். கண்ணில் படாத அந்தத் துகளை (நியூட்ரினோ) இயற்பியலாளர் பவுலி 1930இல் ஒரு கடிதத்தில்தான் முன்மொழிந்தார். 1956இல்தான் அது பிடிபட்டது.

இந்தப் பெண்ணை மேலே படிக்க வைக்க வீட்டில் தயங்குகிறார்கள். என் பேச்சு எடுபடவில்லை. அவள் அப்பா உன் வங்கியில்தான் கணக்கு வைத்திருக்கிறார், உன்மீது மதிப்புண்டு. கல்விக்கடன் விவரங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்தே போய்ப் பேசுவோம். மார்ச் தேர்வுக்கு முன்னால் வர வேண்டும்.

அன்புடன்,
மீனா