சிரங்கு வந்த பெண்ணை ஊருக்கு அனுப்பாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நூல் மில் நடத்தும் முதலாளிகளுக்கும் விடுதி வார்டன்களுக்கும்,

வணக்கம். பல்லடம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு மில் விடுதியிலிருந்து ஒரு பெண்ணைப் பெட்டியோடு தருமபுரி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கையில் சிரங்காம். “சரியானதும் வா” என்று சொல்லிவிட்டார்கள், சம்பளம் கிடையாது. அவளோடு ஒரே அறையில் படுத்தவர்களை யாரும் பார்க்கவில்லை. அதில் ஒருத்தி என் கடைக்கு வந்து விரலிடுக்கைக் காட்டி, “அண்ணா, வார்டன் அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று அழுதாள். நோயைவிட உங்களுக்கு அதிகமாகப் பயப்படுகிறாள். அந்தப் பயம்தான் சிரங்கை மறைக்க வைக்கிறது, மறைத்தால் அது பரவத்தான் செய்யும்.

சிரங்கு அழுக்கால் வருவதில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. உடம்போடு உடம்பு வெகுநேரம் ஒட்டியிருந்தால் அடுத்தவருக்கு ஏறும். பக்கத்து மெஷினில் நின்றால் பரவாது. நெருக்கியடித்துப் படுக்கும் அறையில் பரவும். முழு நைட் ஷிப்டுக்கு எழுந்து போனவளின் பாயில், அரை நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் அதே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் அதிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு.

முதல்முறை வருபவர்களுக்கு அரிப்பு தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். ஒன்றும் தெரியாத அந்த நாட்களிலேயே அது மற்றவருக்குப் போகும். அப்படியானால் நீங்கள் அனுப்பியது முதலில் தெரிந்தவளை மட்டும்தான். அவள் வீட்டிலும் தம்பி தங்கையோடுதானே படுப்பாள்?

படுத்து உடம்பு சூடேறியதும் இந்த அரிப்பு உயிரை எடுக்கும். சொறிந்து சொறிந்து தூங்காமல் எழுந்து, ஓடும் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்தால், அந்தக் கிருமி சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பைக் கொண்டுபோகும். அரிப்பு தாங்காமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுகிறவர்களும் உண்டு. அரிப்பு அமுங்கும், உள்ளே பூச்சி பெருகும்.

இதற்கு மருந்து இருக்கிறதுங்க. டாக்டர் எழுதிக்கொடுக்கும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கு, நக அடி விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முதல்முறை தடவிய மறுநாளே வேலைக்கு வரலாம். அப்புறமும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், அதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் வைத்தால் போதும், மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

ஆனால் இதையெல்லாம் அறையில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் செய்ய வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து. ஒருத்தி மட்டும் தடவினால் பக்கத்தில் படுப்பவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். ஆளுக்கு ஒரு டியூப், உங்கள் செலவில். ஒரே நாளில், எல்லாருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்தப் பெண்கள் சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறீர்கள். டிஸ்பென்சரிக்குப் போக அரைநாள் லீவு கேட்டால் ஏன் இல்லை? தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் சான்று கொடுத்தால், சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? குளிக்க ஆளுக்கு எத்தனை பக்கெட் தண்ணீர் விடுகிறீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பணிவாகத்தான். ஒரு டாக்டரை விடுதிக்கு வரவழையுங்கள். கர்ப்பிணி இருந்தால் அவரிடம் தனியாகக் காட்டுங்கள். ஒரே நாளில் எல்லாருக்கும் மருந்து கொடுங்கள். தருமபுரிக்கு அனுப்பிய அந்தப் பெண்ணை, வீட்டாருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்து, விட்டுப்போன நாட்களின் சம்பளத்தோடு திரும்ப வேலைக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரன்,
பல்லடம் வட்டாரம்